வியன்னா நகரும் வாடகை வீடும்

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றனுள் முன்னைய இரண்டையும் மனிதன் சிறுகச் சிறுக வாங்கிக்கொள்ளலாம். கைப்பொருள் குறைந்த நாளில் அரை வயிறு உண்ணலாம். கிழிந்ததைத் தைத்து உடுக்கலாம். உறையுள் அத்தகையது அன்று. அரைக் கூரையின் கீழ் வாழ்தல் இயலாது. விலை இறங்கட்டும் என்று வீட்டை அடுத்த ஆண்டிற்குத் தள்ளிவைத்தலும் இயலாது. ஆதலின், சொந்த வீடு இல்லாதவன் கேட்ட வாடகையைக் கொடுத்தே ஆகவேண்டிய நிலையில் நிற்கிறான். அவ்வாடகை அவனுடைய வருவாய்க்கு மிஞ்சியதாக இருப்பின், அரசு பொதுப்பணத்தைச் செலவிட்டு வீடு கட்டி அவனுக்குக் குறைந்த வாடகைக்கு விடவேண்டுமா? அன்றி, அது கட்டுவோரும் குடியிருப்போரும் தமக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய கொடுக்கல் வாங்கல்தானா? இவ்வினாவை ஏட்டளவில் ஆராய்வதைக் காட்டிலும், நூறாண்டுக் காலமாக இதனைச் செய்தே பார்த்திருக்கும் ஒரு நகரத்தின் வரலாற்றை நோக்குவது பயன் தரும். அந்நகரம் ஆஸ்திரியா நாட்டின் தலைநகரமாகிய வியன்னா.

வியன்னா என்றவுடன் இசையும் அரண்மனைகளும் நினைவிற்கு வரும். பேரரசர் பிரான்ஸ் ஜோசப் 1857ஆம் ஆண்டில் நகரத்தின் பழைய கோட்டை மதிலை இடிக்க ஆணையிட்டார். மதில் நின்ற இடத்தில் அகன்ற வட்டப் பெருவீதி அமைந்தது. அதன் இருமருங்கும் மாளிகைகளும் நாடக அரங்குகளும் எழுந்தன. அவற்றைக் கட்டுவதற்கும், தொழிற்சாலைகளில் உழைப்பதற்கும் பொஹீமியா, மொராவியா முதலிய பகுதிகளிலிருந்து மக்கள் திரள்திரளாக வந்தனர். 1910ஆம் ஆண்டில் நகரத்தின் மக்கள்தொகை இருபது இலட்சத்தைக் கடந்துவிட்டது. வந்தவர்கள் எங்கே தங்கினார்கள்? மாளிகை வீதிகளுக்கு அப்பால், படைவீடுகளைப் போல வரிசையாக எழுந்த வாடகை அடுக்குகளில் தங்கினார்கள். வாங்கிய மனையில் 85 விழுக்காடு வரையில் கட்டடத்தால் நிரப்பிக்கொள்ளச் சட்டம் இடமளித்தது. மனைக்காரர் எவரும் அவ்விடத்தை வீணாக்கவில்லை. ஆகவே உள்ளறைகளில் பகலிலும் இருள் சூழ்ந்திருந்தது.

1917ஆம் ஆண்டில் எடுத்த ஒரு கணக்கு இவ்வீடுகளின் நிலையைத் தெளிவாகக் காட்டுகிறது. தொழிலாளர் வாழ்ந்த சிற்றில்லங்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தில் தண்ணீர்க் குழாய் இல்லை. தொண்ணூற்றிரண்டில் தனிக் கழிப்பறை இல்லை. மாடிக்கு ஒன்றாக நடைவழியில் ஒரு குழாய்த் தொட்டி இருந்தது. அதற்குப் 'பஸ்ஸேனா' என்று பெயர். அங்கே நிகழும் வம்பளப்புக்கு அந்நகரத்து மொழியில் தனிப் பெயரே உண்டு. குழாயடிச் சண்டையை அறிந்த நமக்கு அதனை விளக்க வேண்டுவதில்லை. இவ்வளவு குறைந்த வசதிக்கும் தொழிலாளி தன் கூலியில் கால் பங்கு வரையில் கொடுத்தான். அது போதாதபோது, வீட்டிலுள்ள கட்டில் ஒன்றை வெளியாள் ஒருவனுக்குச் சில மணி நேரத்திற்கு வாடகைக்கு விட்டான். இரவு வேலைக்குச் செல்பவன் பகலில் வந்து அக்கட்டிலில் உறங்குவான். அவனுக்குப் 'படுக்கைக்காரன்' என்று பெயர். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பர் நம் முன்னோர். வியன்னாவின் உழைப்பாளிக்கு எலி வளையும் தனியாக வாய்க்கவில்லை. காசநோய்க்கு 'வியன்னா நோய்' என்று உலகம் பெயரிட்டதில் வியப்பில்லை.

இதனை இவ்வளவு விரித்துரைப்பதற்குக் காரணம் உண்டு. அரசு தலையிட்டதனால்தான் வீட்டுச் சந்தை கெட்டது என்று கூறுவோர் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். ஆனால், மேலே கூறிய வீடுகளெல்லாம் அரசின் தலையீடு இல்லாத காலத்தில், தனியார் தம் விருப்பப்படி கட்டி, தம் விருப்பப்படி வாடகை வாங்கிய காலத்தில் எழுந்தவை. சந்தை வீடுகளைக் கட்டிக் குவித்தது உண்மையே. ஏழைக்கு ஏற்ற வீட்டைக் கட்டவில்லை. இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை மறத்தலாகாது.

இனிச் சந்தை நிலை மாறிய வரலாற்றைக் காண்போம். 1914ஆம் ஆண்டில் முதல் உலகப் போர் மூண்டது. ஆடவர் போர்முனைக்குச் சென்றனர். வாடகை கொடுக்க இயலாத அவர்தம் மனைவி மக்களை வீதியில் நிறுத்தினால் படையினரின் உள்ளம் என்னாகும்? பேரரசின் அமைச்சர்களுக்கு ஏழைகளிடத்துத் திடீரென்று இரக்கம் பிறந்துவிடவில்லை. இந்த அச்சமே பிறந்தது. 1917ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் வாடகையை உயர்த்துதலையும், குடியிருப்போரை நினைத்தபோது வெளியேற்றுதலையும் தடுக்கும் ஆணை பிறந்தது. பொதுவுடைமையாளர் எவரும் அதனை இயற்றவில்லை என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. முடியாட்சியே அதனை இயற்றியது.

போர் முடிந்தது, பேரரசும் முடிந்தது. பின்னர் வந்தது பணவீக்கம். 1922ஆம் ஆண்டிற்குள் விலைவாசி போருக்கு முன் இருந்ததைப் போலப் பல்லாயிரம் மடங்காகப் பெருகிற்று. பின்னாளில் புதிய நாணயமாகிய ஷில்லிங் வந்தபோது, பழைய நாணயத்தில் 10,000 குரோனன் கொடுத்து ஒரு ஷில்லிங் பெறவேண்டியதாயிற்று என்றால் பணத்தின் வீழ்ச்சியை உணரலாம். வாடகையோ சட்டத்தால் கட்டுண்டு பழைய எண்ணிக்கையை ஒட்டியே நின்றது. ஒரு திங்கள் வாடகையைக் கொண்டு ஒரு வேளை உணவும் வாங்க இயலாத நிலை ஏற்பட்டது. வீட்டுக்காரருள் பெருஞ்செல்வர் மட்டும் இருக்கவில்லை. வாழ்நாள் சேமிப்பை ஒரு கட்டடத்தில் இட்டு முதுமையைக் கழிக்க எண்ணியிருந்த விதவையரும் ஓய்வுபெற்ற அலுவலரும் இருந்தனர். அவர்கள் நொடித்துப்போயினர். இதனை மறைத்து வரலாறு கூறுதல் முறையன்று. இந்நிலையில் எவர் புது வீடு கட்ட முன்வருவார்? தனியார் கட்டட வேலை அறவே நின்றது. வீடு கேட்போர் தொகையோ பெருகிற்று. போரிலிருந்து மீண்டவர் மணம் செய்துகொண்டு தனிக்குடித்தனம் வைக்க விரும்பினர். சிதறிய பேரரசின் பல மூலைகளிலிருந்து அகதிகளும் வந்து சேர்ந்தனர்.

1919ஆம் ஆண்டு மே மாதத்தில், ஆடவர் பெண்டிர் அனைவரும் வாக்களித்த முதல் நகரமன்றத் தேர்தல் நடைபெற்றது. சமூக சனநாயகக் கட்சியினர் பெரும்பான்மை பெற்றனர். யாக்கோப் ராய்மன் நகரத் தலைவரானார். 1923இல் அவருக்குப்பின் கார்ல் சைட்ஸ் அப்பதவியை ஏற்றார். ஆயினும் வீட்டு வரலாற்றில் இவ்விருவரினும் மிகுதியாக நினைக்கப்படவேண்டியவர் நிதிப் பொறுப்பை ஏற்ற ஹூகோ பிரைட்னர் என்பவரே. அவர் மேடைப் பேச்சாளர் அல்லர். வங்கி ஒன்றின் இயக்குநராக இருந்தவர். கணக்கு அறிந்தவர் கையில் கொள்கை அகப்பட்டால் என்ன நிகழும் என்பதை வியன்னா கண்டது.

1922ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளில் வியன்னா நகரம் கீழ் ஆஸ்திரியாவிலிருந்து பிரிந்து தனி மாநிலமாயிற்று. ஆகவே தானே வரி விதிக்கும் உரிமை அதற்குக் கிட்டியது. பிரைட்னர் அவ்வுரிமையை முழுமையாகப் பயன்படுத்தினார். வீட்டு வேலையாட்கள், மோட்டார் வண்டி, பந்தயக் குதிரை, வளர்ப்பு நாய், உயர்ந்த உணவு விடுதிகள் முதலிய ஆடம்பரங்கள் மேல் வரிகள் விழுந்தன. 1923ஆம் ஆண்டில் 'வீடு கட்டும் வரி' என்னும் தனி வரி வந்தது. நகரத்தில் வாடகைக்கு விடத்தக்க வீடு ஒவ்வொன்றுக்கும் அவ்வரி உண்டு. தொழிலாளியின் ஓரறைக்கும் உண்டு. ஆனால் வீடு பெரிதாகப் பெரிதாக வரியின் விகிதமும் ஏறிக்கொண்டே சென்றது. எல்லா வீடுகளிலும் அரை விழுக்காடு ஆகிய மாளிகைகளும் பெரு வணிக இல்லங்களும் அவ்வரியில் ஏறத்தாழ 45 விழுக்காட்டைச் செலுத்தின. நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்ட சிறு வீடுகளோ அனைத்தும் சேர்ந்து கால் பங்கிற்கும் குறைவாகவே செலுத்தின. ஏழையிடமும் சிறிதளவு வாங்கியதில் நுட்பம் இருக்கிறது. தானும் கொடுத்துக் கட்டியது என்னும் எண்ணம் அவனுக்கு உண்டாயிற்று. அவ்வீட்டைப் பிச்சையாக அவன் கருதவில்லை.

பிரைட்னரின் மற்றொரு முடிவு இன்றைய நிதியறிஞர் பலருக்கும் விளங்காத புதிராக இருக்கிறது. வீடு கட்ட அவர் கடன் வாங்கவில்லை. வீடு கட்டும் வரியும் பொது வருவாயின் ஒரு பகுதியும் கொண்டே கட்டினார். கடன் வாங்கிக் கட்டினால் அசலும் வட்டியும் வாடகையில் ஏறும். அன்றைய வட்டி விகிதமோ மிகக் கடுமையானது. முதலீடு முழுதும் வரியாக முன்னரே வந்துவிட்டமையால், வாடகை என்பது பழுது பார்த்தல், காவல், துப்புரவு ஆகியவற்றின் செலவளவே நின்றது. தொழிலாளியின் வருவாயில் அது ஏறத்தாழ 4 விழுக்காடு. மேலும் ஒரு வாய்ப்பும் நேர்ந்தது. வாடகைக் கட்டுப்பாட்டினால் மனைகளை வாங்குவார் இல்லை; விலை வீழ்ந்து கிடந்தது. தனியார் விற்க விரும்பிய அந்நாளில் நகரம் வாங்கிற்று. சந்தை வீழ்ந்த காலமே பொதுத்துறை மனை வாங்குவதற்கு ஏற்ற காலம் என்பதைக் கண்டுகொண்டது பிரைட்னரின் வங்கி அனுபவம் என்றே கருதுகிறேன்.

1923ஆம் ஆண்டு செப்டம்பரில், ஐந்தாண்டுகளில் 25,000 வீடுகள் கட்டுவது என்று நகரமன்றம் முடிவு செய்தது. குறித்த காலத்திற்கு முன்னரே அவை முடிந்தன. 1927இல் மேலும் 30,000 வீடுகளுக்குத் திட்டம் வகுத்தனர். 1934ஆம் ஆண்டிற்குள் எழுந்தவை 60,000க்கும் மேற்பட்டவை. இவை பெரிய வீடுகள் அல்ல. முதலில் கட்டியவற்றுள் பெரும்பாலானவை 38 சதுர மீட்டர் பரப்புடையவை. எஞ்சியவை 48 சதுர மீட்டர். ஆயினும் ஒவ்வொன்றினுள்ளும் தண்ணீர்க் குழாயும் கழிப்பறையும் இருந்தன. சாளரங்கள் மரம் நட்ட முற்றத்தை நோக்கின. குளியலறை மட்டும் தனித்தனியாக இல்லை. பொதுக் குளியல் கூடம் இருந்தது.

இவற்றுள் பெரும்புகழ் பெற்றது கார்ல் மார்க்ஸ் மனை. கார்ல் ஏன் என்னும் கட்டடக் கலைஞர் அதனை அமைத்தார். நீளம் ஒரு கிலோமீட்டருக்கு மேல், வீடுகள் 1,382. இவ்வளவு பெரிய கட்டடம் தன் நிலத்தில் 18 விழுக்காட்டையே மூடி நின்றது. எஞ்சியது முற்றமும் தோட்டமும். பழைய 85 விழுக்காட்டோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுகிறேன். உள்ளே இரண்டு சலவைக் கூடங்கள், இரண்டு குளியல் கூடங்கள், குழந்தைப் பள்ளிகள், பல் மருத்துவமனை, நூலகம், மருந்துக்கடை, அஞ்சலகம் ஆகியன இருந்தன. நூலகத்தை நான் தனியே எடுத்துக் கூறுவதற்குக் காரணம் உண்டு. வீட்டுப் பாடம் எழுதாமல் வரும் மாணவனை ஆசிரியர் கடிந்துகொள்கிறார். எழுதுவதற்கு அவன் வீட்டில் விளக்கடியில் ஓரடி இடம் இருக்கிறதா என்று பெரும்பாலும் கேட்பதில்லை. அதனைக் கேட்ட நகராட்சி அது. 1930ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் அம்மனையைத் திறந்துவைத்த கார்ல் சைட்ஸ், தாங்கள் மறைந்த பின்னரும் இக்கற்கள் தங்களுக்காகப் பேசும் என்ற கருத்துப்பட உரைத்தார். இம்மனைகள் பலவற்றின் முகப்பில், 'வீடு கட்டும் வரியின் பணத்தைக்கொண்டு வியன்னா நகரத்தால் கட்டப்பட்டது' என்று பெரிய எழுத்துகளில் ஆண்டோடு பொறித்திருக்கின்றனர். கொடையாளியின் பெயர் பொறிப்பது உலக வழக்கம். வரியின் பெயரைப் பொறித்த ஊர்கள் அரியவை.

மறுப்புரைத்தவர்களையும் கேட்டல் வேண்டும். ஜோசப் பிராங்க் என்னும் கலைஞர், தொழிலாளியைப் பெருமனைகளில் அடுக்கி வைப்பதைக் காட்டிலும் தோட்டத்தோடு கூடிய சிறு தனி வீடுகளே சிறந்தவை என்று 1926இல் எழுதினார். அதே நகரத்தில் பிறந்தவரும் பின்னாளில் நோபல் பரிசு பெற்றவருமாகிய பொருளாதார அறிஞர் ஹயெக் 1929இல் வெளியிட்ட கட்டுரை இன்னும் கூர்மையானது. வாடகையைச் சந்தை விலைக்குக் கீழே நிறுத்தினால் வீடு வேண்டுவோர் பெருகுவர். கிடைத்தவன் தனக்குத் தேவை இல்லாதபோதும் அதனை விடான். வேலை வேறிடத்தில் இருந்தாலும் தொழிலாளி வீட்டைவிட்டு நகர மாட்டான். நகராட்சி எவ்வளவு கட்டினாலும் தட்டுப்பாடு தீராது என்பது அவர் கருத்தின் சாரம். இதில் உண்மை இல்லை என்று கூற இயலாது. இன்றும் வியன்னாவில் பழைய குத்தகை உரிமை பெற்ற குடும்பம் குறைந்த வாடகையில் நிலைத்திருக்க, புதிதாக வந்த இளைஞன் தனியார் வீட்டில் சில ஆண்டுத் தவணைக்கு மிகுந்த வாடகை கொடுத்து வாழ்கிறான். ஆனால் ஹயெக்கின் வாதம் வாடகைக் கட்டுப்பாட்டைத் தாக்கும் அளவிற்குப் பொது வீடு கட்டுதலைத் தாக்குவதில்லை. இருக்கும் வீட்டிற்கு விலை வரம்பு கட்டுவது ஒன்று. இல்லாத வீட்டைப் புதிதாகக் கட்டுவது மற்றொன்று. முன்னது வீட்டுத் தொகையைச் சுருக்கக்கூடும். பின்னது பெருக்குகிறது. இரண்டையும் ஒன்றாகக் கட்டி எறிவது தருக்க நெறி ஆகாது.

எனக்கு ஹயெக்கின் மறுப்பினும் அச்சம் தருவது வேறொன்று. வீட்டுக்காரர் அரசாங்கமே ஆயின், அவ்வரசாங்கம் தீயோர் கையிற் சிக்கும்போது குடியிருப்போர் கதி என்ன? வியன்னா இதற்கும் விடை வைத்திருக்கிறது. அது கசப்பான விடை. 1934ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் டோல்புஸ் தலைமையில் இருந்த நடுவண் அரசுக்கும் தொழிலாளர் படைக்கும் உள்நாட்டுப் போர் மூண்டது. கார்ல் மார்க்ஸ் மனையின்மீது அரசுப் படை பீரங்கியால் சுட்டது. நகரத் தலைவர் சைட்ஸ் சிறைப்பட்டார். நகர ஆட்சி கலைக்கப்பட்டது. வீடு கட்டும் திட்டமும் அத்தோடு முடிந்தது. 1938இல் ஹிட்லரின் ஆட்சி வந்தபோது நேர்ந்தது அதனினும் கொடிது. நகராட்சி வீடுகளில் வாழ்ந்த யூதக் குடும்பங்களை அதே நகராட்சி வெளியேற்றியது. குடியிருப்போர் பட்டியலும், கதவெண்ணும், திறவுகோலும் ஆள்வோர் கையிலேயே ஆயத்தமாக இருந்தன. அறத்திற்காகத் தொகுத்த ஏடு மறத்திற்கும் பயன்பட்டது. பிரைட்னரும் யூதரே. அவர் அவ்வாண்டில் நாட்டைவிட்டு வெளியேறி, 1946இல் அமெரிக்காவில் காலமானார். தாம் கட்டிய நகரத்தை மீண்டும் காணவில்லை. ஆகவே பொது வீடுகளுக்கு நிதி வழங்கும் அரசு, குடியிருப்போரின் உரிமையைச் சட்டத்தால் தன்னிடமிருந்தே காத்துக்கொடுத்தல் வேண்டும்.

போருக்குப் பின் பழைய கட்சியினரே நகர ஆட்சிக்கு வந்தனர். இடிந்தவற்றைப் புதுக்கினர், 1947 முதல் புதிய குடியிருப்புகளைத் தொடங்கினர். ஸ்வீடன் நாட்டு உதவிக்கு நன்றியாக அவற்றுள் ஒன்றிற்கு அந்நாட்டுப் பிரதமர் பேர் ஆல்பின் ஹான்சனின் பெயரைச் சூட்டினர். ஊதியத்தோடு சேர்த்துப் பிடிக்கும் ஒரு சிறு வரி வீட்டு நிதிக்கு ஊற்றாயிற்று. காலப்போக்கில் நகரமே நேராகக் கட்டுவதைக் குறைத்துக்கொண்டு, இலாப வரம்பு உடைய வீட்டுச் சங்கங்களுக்குக் குறைந்த வட்டியில் கடன் தரும் முறைக்கு மாறிற்று. 1984இல் மனை வாங்கி வைப்பதற்கென்றே ஒரு நிதியம் அமைத்தனர். பிரைட்னர் வீழ்ந்த சந்தையில் செய்ததை ஏறும் சந்தையிலும் செய்வதற்கான வழி அது; விலை ஏறுமுன் வாங்கி வைத்தல்.

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பா எங்கும் வேறு காற்று வீசியது. பிரிட்டனில் 1980ஆம் ஆண்டுச் சட்டம், நகராட்சி வீட்டில் குடியிருப்போர் அதனைத் தள்ளுபடி விலையில் வாங்கிக்கொள்ளும் உரிமை அளித்தது. வாங்கியவர் மகிழ்ந்தனர்; அவர்களைக் குறைகூற நமக்கு உரிமை இல்லை. ஆனால் விற்ற வீட்டிற்கு ஈடாக வேறு வீடு போதிய அளவில் எழவில்லை. ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரம் தன் கடனைத் தீர்ப்பதற்காக 2006இல் தன் வாடகை வீடுகளையெல்லாம் ஒரே நிறுவனத்திற்கு விற்றுவிட்டது. ஆஸ்திரியாவின் நடுவண் அரசும் 2004இல் தன்னிடம் இருந்த ஏறத்தாழ 60,000 வீடுகளைத் தனியாருக்கு விற்றது. அவ்விற்பனை பின்னர் ஊழல் வழக்காக நீதிமன்றம் ஏறியது. வியன்னா நகரம் மட்டும் விற்கவில்லை. கட்டுவதையோ நிறுத்திவிட்டது. அதே 2004ஆம் ஆண்டில் கடைசி நகராட்சி மனை முடிந்தது. மக்கள்தொகை குறைந்திருந்தது, வட்டியும் இறங்கியிருந்தது, தனியாரும் சங்கங்களும் கட்டுவர், நகராட்சியின் பணி முடிந்தது என்று பலரும் எண்ணினர்.

அவ்வெண்ணம் நெடுநாள் நிலைக்கவில்லை. 2008ஆம் ஆண்டு நிதி நெருக்கடிக்குப் பின்னர், வங்கியில் வட்டி பெறாத பணமெல்லாம் மனையிலும் வீட்டிலும் பாய்ந்தது. நகரமும் மீண்டும் வளரத் தொடங்கியது. 1980களின் இறுதியில் 15 இலட்சத்திற்கும் குறைந்திருந்த மக்கள்தொகை 2023இல் மீண்டும் 20 இலட்சத்தைத் தொட்டது. நில விலை ஏறவே, சங்கங்களுக்கும் குறைந்த விலையில் மனை கிட்டுவது அரிதாயிற்று. 2015இல் நகராட்சி தன் வீடுகளை மீண்டும் கட்டப்போவதாக அறிவித்தது. 2018இல் ஒரு சட்டத் திருத்தம் வந்தது: புதிதாகக் குடியிருப்பிற்கென வகுக்கும் பெரிய நிலப்பகுதிகளில் மூன்றில் இரு பங்கு உதவி பெற்ற வீடுகளாக இருத்தல் வேண்டும் என்பது அது.

பணமுடையார் இவ்வீடுகளில் ஏன் இருக்க வேண்டும் என்று கேட்போர் உளர். வியன்னாவில் வருமான வரம்பு உயர்வாக வைக்கப்பட்டிருக்கிறது. நகர மக்களுள் பெரும்பாலோர் தகுதி பெறுவர். குடியேறிய பின் வருவாய் பெருகினாலும் வெளியேற வேண்டுவதில்லை. இது வீண் செலவு என்பது ஒரு கட்சி. ஏழைக்கே உரிய வீடு என்று முத்திரை குத்திய இடங்கள் பிற நாடுகளில் என்ன ஆயின என்பதைப் பார்த்தால், நான் வியன்னாவின் பக்கமே நிற்பேன். ஆசிரியரும் தச்சரும் பேருந்து ஓட்டுநரும் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கும் மனையில், படிக்கட்டு உடைந்தால் முறையிடுவதற்குக் குரலுடையோர் இருப்பர். ஏழையர் மட்டும் வாழும் மனையில் படிக்கட்டு உடைந்தே கிடக்கும். ஆனால் உள்ளே இருப்போர்க்கு இவ்வளவு பரிவு காட்டும் முறை, வெளியே நிற்போர்க்கும் கதவைத் திறந்தல்லவா வைக்கவேண்டும்? ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேராத நாட்டவர், பல்லாண்டுகள் அங்கே வாழ்ந்து வரி செலுத்தியவராயினும், 2006ஆம் ஆண்டு வரையில் நகராட்சி வீட்டைப் பெற இயலவில்லை. கல் சுமந்தவருக்கே கதவு கடைசியில்தான் திறந்தது.

2019ஆம் ஆண்டு நவம்பர் திங்களில், பதினைந்து ஆண்டு இடைவெளிக்குப் பின் எழுந்த முதல் நகராட்சி மனை பாவோரிட்டன் பகுதியில் திறக்கப்பட்டது. ஆஸ்திரிய நாடாளுமன்றத்தின் முதல் பெண் தலைவராகிய பார்பரா பிராமரின் பெயர் அதற்கு இடப்பட்டது. அதில் உள்ள வீடுகள் 120. ஏற்கெனவே 2,20,000 நகராட்சி வீடுகளை உடைய நகரத்திற்கு அது சிறு தொகை.